மூலமும் உரையும்: பழைய வன்தட்டைப் புதிய கணிப்பொறியோடு இணைக்கும் முறையின் வரலாறு

நூல் அழிவதற்கு நீரும் நெருப்பும் செல்லும் மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஏடு சிதையாது இருக்கவும் அதனைப் படிக்கும் வழி மறைந்து போதலும் ஓர் அழிவேயாம். ஓலைச்சுவடிகளைத் தேடித் திரிந்த தலைமுறையினர் இவ்விருவகை அழிவையும் கண்டனர். இன்று நம் முன் நிற்பது பெரிதும் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

1990-களில் தமிழ்ப் பதிப்புகளும் ஆய்வேடுகளும் கணிப்பொறியில் அச்சுக்கோக்கப்படலாயின. அவற்றைத் தாங்கியவை ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டுகள். பொறி பழுதுற்ற பின் அத்தட்டுகளைக் கழற்றி அலமாரியில் வைத்தோர் பலர். ஆண்டுகள் கழிந்து, ஒரு பதிப்பின் மூலக் கோப்பு வேண்டிப் புதிய மேசைக் கணிப்பொறியைத் திறந்து நோக்குவார்க்கு, அத்தட்டின் அகன்ற வடத்தைச் செருகும் இடமே தென்படுவதில்லை. தட்டு பயனற்றது என முடிவு செய்து குப்பையில் இடுவாரும் உளர். அம்முடிபு பல இடங்களில் பிழையாம். எத்தட்டு இன்றும் பேசும், எது பேசாது, அதற்குக் காரணம் யாது என்பதை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் காணும் உண்மை ஒன்றே. தன் பொருளை விளக்கும் உரையைத் தன்னோடு கொண்டுள்ள தட்டு, தாய்ப்பொறி மறைந்த பின்னும் பேசுகின்றது. உரையைப் பிறிதோர் இடத்தில் வைத்துவிட்ட தட்டு, அவ்விடம் அழிந்த அன்றே ஊமையாகின்றது.

1. உரை புறத்தே நின்ற காலம்

வன்தட்டுகளுள் முதலாவது, ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்ட 350 என்னும் தொகுதியாகும். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அது 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. 305 ராமாக் என்னும் பெரும்பொறியின் உறுப்பாகவே அது அமைந்தமையின், அதனைக் கழற்றி வேறு பொறியில் இணைத்தல் என்னும் வினா அக்காலத்தில் எழவில்லை.

அவ்வினா எழுந்தது, மேசைமேல் வைக்கும் சிறு பொறிகளுக்கு வன்தட்டு வந்த பின்னரே. சீகேட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட எஸ்.டி.506 என்னும் ஐந்தேகால் அங்குலத் தட்டு 5 மெகாபைட் கொள்ளளவு உடையது. 1983-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. என்னும் பொறியில் இருந்த 10 மெகாபைட் தட்டும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இவற்றின் அமைப்பை ஈண்டு உற்று நோக்குதல் வேண்டும். தட்டிலிருந்து வெளிவந்தவை எழுத்துகள் அல்ல, எண்களும் அல்ல. காந்தப் புலம் மாறும் இடங்களைக் காட்டும் மின் துடிப்புகளே 20 முள் வடத்தின் வழியாக வந்தன. தலையை நகர்த்தும் ஏவல்கள் 34 முள் வடத்தின் வழியாகச் சென்றன. எத்துடிப்பு ஒன்று, எது சுழியம் எனப் பிரித்தறியும் அறிவு முழுதும், கணிப்பொறியினுள் தனியே செருகப்பட்ட கட்டுப்பாட்டு அட்டையிடமே இருந்தது.

இதன் விளைவு யாது? ஓர் அட்டை எழுதியதை மற்றொரு நிறுவனத்தின் அட்டை படிக்கும் என்னும் உறுதி இல்லை. தட்டு பழுதின்றி இருப்பினும், அதனை எழுதிய அட்டையோ அதன் இனத்ததோ இல்லாதவிடத்து, வாசிக்க இயலாது போதல் இயல்பாயிற்று. உரையின்றிப் பொருள் விளங்காத மூலத்தைப் போன்றது அத்தட்டு. உரை வேறொரு வீட்டில் இருந்தது, அவ்வீடு இடிந்தது.

2. மூலத்தோடு உரையையும் சேர்த்துக் கட்டியமை

1986-ஆம் ஆண்டளவில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகிய நிறுவனங்களின் முயற்சியால், கட்டுப்பாட்டு அட்டையின் அறிவு தட்டின் உடலிலேயே பொருத்தப்படலாயிற்று. ஐ.டி.இ. என்னும் பெயரே, மின்னணு உறுப்புகள் தட்டோடு ஒன்றாக்கப்பட்டமையைக் குறிப்பதாகும். 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. என்னும் பொறியின் கட்டுப்பாட்டு அட்டை ஏற்ற கட்டளைகளையே இப்புதிய தட்டுகளும் ஏற்றன. அதனாற்றான், இம்முறை 1994-இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றபோது, ஏ.டி.யின் பெயரைத் தாங்கி ஏ.டி.ஏ. என வழங்கலாயிற்று.

கணிப்பொறி இனித் துடிப்புகளை ஆராய வேண்டுவதில்லை. 'இவ்விடத்துச் செய்தியைத் தருக' எனக் கேட்டால், தட்டே துடிப்பைப் படித்துப் பொருள் கண்டு விடை தரும். இன்னும் ஒரு சிறப்பு உண்டு. 'நீ யார்?' என வினவும் கட்டளை ஒன்று இத்தரத்தில் இடம்பெற்றது. அதற்குத் தட்டு தன் மாதிரிப் பெயர், தொடர் எண், கொள்ளளவு முதலியவற்றை 512 பைட் அளவில் விடையாகத் தரும். நூற்பெயரையும் எல்லையையும் நூலின் முகப்பிலேயே உரைக்கும் சிறப்புப் பாயிரம் நம் நூல்களுக்கு எத்துணைத் துணையோ, அத்துணைத் துணை இக்கட்டளை தட்டுகளுக்கு ஆயிற்று.

எனினும் ஓரிடத்தில் பழைய குறை எஞ்சி நின்றது. தட்டில் ஓரிடத்தைச் சுட்ட, உருளை, தலை, செக்டர் என்னும் மூன்று எண்கள் வழங்கின. பொறியின் அடிப்படை மென்பொருளாகிய பயாஸ் ஏற்கும் எல்லையும் தட்டு ஏற்கும் எல்லையும் வேறு வேறாக இருந்தன. இரண்டற்கும் பொதுவான எல்லை 1024 உருளை, 16 தலை, 63 செக்டர் என்பதாம். ஒரு செக்டர் 512 பைட் ஆகலின் 52 கோடியே 84 இலட்சம் பைட் அளவிலேயே தட்டு நின்றுவிடும். அதனைக் கடக்கப் பொறிகள் அவ்வெண்களைத் தத்தம் போக்கில் மாற்றி மொழிபெயர்த்துக் கொண்டன. மொழிபெயர்ப்பு பொறிக்குப் பொறி வேறுபட்டமையின், ஒன்றில் எழுதிய தட்டு மற்றொன்றில் பிறழ உணரப்படுதலும் நேர்ந்தது. செக்டர்களுக்குச் சுழியம் முதலாகத் தொடர் எண் இடும் முறை நிலைபெற்ற பின்னரே இக்குழப்பம் தீர்ந்தது. ஈண்டும் நாம் காண்பது முற்கூறிய உண்மையே.

3. வடம் மாறியது, மொழி மாறவில்லை

ஐ.டி.இ. தட்டின் வடம் 40 முள் கொண்டது. ஒரு வடத்தில் இரு தட்டுகள் இணையலாம். அவற்றுள் முதன்மையானது எது, துணையானது எது என்பதை ஜம்பர் என்னும் சிறு செருகியால் குறிப்பர். வேகம் மிகுந்தபோது கம்பிகள் ஒன்றன் ஓசை ஒன்றில் கலந்தமையின், 40 முள்ளுக்கும் 80 கம்பி கொண்ட வடம் வந்தது. பல கம்பிகளில் ஒருங்கே செய்தி அனுப்பும் முறை தன் எல்லையை எய்திற்று.

2003 அளவில் சந்தைக்கு வந்த சாட்டா என்னும் முறை, செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து அனுப்புவது. செய்திக்கு 7 முனை, மின்சாரத்திற்கு 15 முனை. ஒரு வடத்திற்கு ஒரு தட்டு. முதன்மை துணை என்னும் பாகுபாடும் ஜம்பரும் வேண்டா. புற வடிவில் பழையதற்கும் இதற்கும் ஒற்றுமை சிறிதும் இல்லை. ஆயின் உள்ளே வழங்கிய கட்டளை மொழி அதே ஏ.டி.ஏ. மொழியாகவே நின்றது. முன்னோரைப் போற்றும் எண்ணத்தால் இவ்வாறு செய்தனர் என்பதற்கில்லை. இயக்க மென்பொருளைப் புதிதாக எழுதாமலே புதிய தட்டை ஏற்கச் செய்ய வேண்டும் என்னும் வாணிக நோக்கே காரணம். காரணம் யாதாயினும் பயன் நமக்கு உரியது. மொழி ஒன்றாகலின், இரு வடிவத்திற்கும் இடையே நின்று ஒலிபெயர்க்கும் சிறு சில்லு ஒன்று போதும். அச்சில்லைக் கொண்டதே கடைகளில் அடாப்டர் எனக் கிடைக்கும் மாற்றி.

இன்டெல் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஐ.சி.எச்.8 என்னும் துணைச் சில்லில் பழைய இணைப்புக்கு இடம் அளிக்கப்படவில்லை. மதர்போர்டு செய்வோர் வேறு சில்லைச் சேர்த்துச் சில ஆண்டுகள் அதனைத் தாங்கினர். பின்னர் அதுவும் ஒழிந்தது. பழையதும் புதியதும் ஒரே பலகையில் அருகருகே நின்ற அவ்விடைக்காலமே படியெடுத்தற்கு எளிய காலமாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

4. இன்றைய நிலை

இவ்வரலாற்றினின்று பழைய தட்டுகள் மூவகைப்படுதல் அறியலாம். சாட்டா தட்டு பழையதாயினும், அவ்விணைப்புள்ள புதிய மேசைப்பொறியில் நேரே இணையும். ஐ.டி.இ. தட்டு மாற்றியின் துணையால் யு.எஸ்.பி. வழியே இணையும். மூன்றரை அங்குலத் தட்டு 5 வோல்ட்டோடு 12 வோல்ட் மின்சாரமும் வேண்டுவது. யு.எஸ்.பி. வடம் அதனைத் தராது ஆகலின் தனி மின்வழங்கி இன்றியமையாதது. அது இன்றி இணைத்துத் தட்டு சுழலாமை கண்டு, தட்டு கெட்டது என மயங்குதல் கூடாது. ஜம்பர் முதன்மை நிலையில் உளதா என்பதையும் நோக்குதல் நன்று. தொடர் எண் முறையை அறியாத மிகப் பழைய ஐ.டி.இ. தட்டுகளை மாற்றிகள் பல ஏற்பதில்லை; அவற்றிற்குப் பழைய பொறியே துணை. எஸ்.டி.506 இனத்துக்கோ பழைய அட்டையுடன் கூடிய பழைய பொறி வேண்டும். அன்றித் துடிப்புகளை அப்படியே பதிந்துகொண்டு பின்னர் மென்பொருளால் பொருள் காணும் தனிக் கருவி வேண்டும்.

இணைந்த பின் செய்யத்தகுவதும் ஒன்று உண்டு. நெடுநாள் சுழலாதிருந்த தட்டு மீண்டும் சுழலும் காலம் சிறிதாக இருத்தல் கூடும். ஆதலின் கோப்புகளைத் திறந்து படித்து மகிழ்தற்கு முன்னர், தட்டு முழுவதையும் செக்டர் செக்டராகப் படியெடுத்தல் முதற்கடன். தட்டை 'ஃபார்மட்' செய்யலாமா எனக் கணிப்பொறி வினவின், மறுத்தலே அறிவுடைமை. அவ்வினாவிற்கு உடன்படுதல், படிக்கத் தெரியாத ஏட்டை அழித்துவிட்டுப் புதிய ஓலை கட்டுதலை ஒக்கும்.

5. எழுத்தினுள்ளும் அதே வரலாறு

தட்டு பேசிற்று, கோப்பும் கிடைத்தது. திறந்தவிடத்துத் தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே உள. தமிழ்த்துறையினர்க்கு உண்மையான இடர் ஈண்டே தொடங்குகின்றது.

யூனிகோடு 1991-இல் தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்ததாயினும், அது வழக்கிற்கு வர ஆண்டுகள் பல ஆயின. இடைக்காலத்தில் எழுத்துரு செய்தோர் தத்தம் விருப்பின்படி எண்களைப் பங்கிட்டனர். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் நிற்கும். அவ்வெழுத்துரு உள்ள பொறியில் அது தமிழ். இல்லாத பொறியில் வெற்றுக் குறி. உரை மீண்டும் வேறொரு வீட்டில்! எஸ்.டி.506 தட்டின் நிலையும் பாமினிக் கோப்பின் நிலையும் ஒன்றே என்பது ஈண்டுத் தெளிவாம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்னும் முறைகளும், ஆர்வலர் வகுத்த டிஸ்கி முறையும் இப்பன்மையைக் குறைக்க முயன்றவை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

யூனிகோடில் ஒவ்வோர் எண்ணும் இன்ன எழுத்து என்பது எழுத்துருவைச் சாராமல் வரையறுக்கப்பட்டது. எழுதுங்கால் கொம்பு முன்னே நிற்பினும், அதன் குறி கோப்பில் மெய்யின் பின்னரே நிற்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் கொண்ட முறைக்கு இது இயைந்திருத்தல் நோக்கற்பாலது. பழைய எழுத்துருக் கோப்புகளைத் தக்க மாற்று மென்பொருளால் யூனிகோடு ஆக்கலாம். ஆனால் எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டது என்பது அறியப்பட வேண்டும். ஆதலின், பழைய தட்டைப் படியெடுக்குங்கால் கோப்புகளோடு அதிலுள்ள எழுத்துருக்களையும் விடாது படியெடுத்தல் வேண்டும் என வற்புறுத்துகின்றோம். அவையே அக்கோப்புகளின் உரை.

6. முடிவுரை

ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டுவதில்லை. அவற்றைப் படிப்போனே தன் அறிவால் நிரப்பினான். அறிந்து படிப்போர் இருந்தவரை ஏடு பெயர்த்தெழுதப்பட்டது. அவர் அருகியபோது பாடம் திரிந்தது. அச்சு வந்த பின் பதிப்பாசிரியர்கள் புள்ளியும் நெடிலும் விளங்க எழுதி, படிப்போன் மனத்தில் இருந்த உரையை ஏட்டிலேயே ஏற்றினர். வன்தட்டின் வரலாறும் இதனையே மீண்டும் கூறுகின்றது.

வடம் பொருந்தாமை கண்ணிற்குப் பெரிதாகத் தோன்றும். உண்மையில் அதுவே எளிதில் நீங்கும் தடை. விலை சிறிதாகிய மாற்றி ஒன்று அதனைத் தீர்க்கும். தட்டின் ஆயுளும் எழுத்துருவின் பெயரும் அவ்வாறு கடையில் கிடைப்பன அல்ல. அத்தட்டில் எழுதினோர் இன்னும் நம்மிடையே உளர். எவ்வெழுத்துருவில் எழுதினோம் என்பதை அவர் நினைவு இன்னும் சொல்லும். அலமாரியில் உறங்கும் தட்டுகளை, அவர் இருக்கும் இப்பொழுதே எடுத்து இணைத்துப் படியெடுத்தல் தமிழ்த்துறைகளின் கடனாம்.