குழாயில் மாட்டும் ஃபில்டரும் பிளாச்சிமடைக் கிணறும்

குழாய் முனையில் திருகி மாட்டும் தண்ணீர் ஃபில்டர் வாங்கினால் டப்பாவுக்குள் மடித்து வைத்த ஒரு காகிதம் இருக்கும். குளோரின் வாடையைக் குறைக்கும், சில மாடல்களில் ஈயத்தைக் குறைக்கும் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். லோன் பத்திரம் படித்தே காலம் தள்ளுகிற என் போன்ற ஆளுக்கு, அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதுதான் முதலில் கண்ணில் படும். தண்ணீரில் கரைந்த உப்பு, கடினத்தன்மை பற்றி அதில் ஒரு வரி இருக்காது. என்னடா, பேங்க்காரன் தண்ணீர்க் கணக்கு பார்க்க ஆரம்பித்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா. அந்த விட்டுப்போன வரியில்தான் எங்கள் பக்கத்துச் சரித்திரம் ஒன்று இருக்கிறது.

முதலில் ஃபில்டர் சமாசாரம். உள்ளே இருப்பது பெரும்பாலும் கரி. செயலூட்டிய கரி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான துளைகள். குளோரினையும் வாடை தரும் பொருட்களையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் தண்ணீரில் முழுசாகக் கரைந்து கிடப்பவை. அவை அந்தக் கரியை ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடும்.

நம் வீடுகளில் அந்தக் காலத்தில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து வைப்பார்கள். கலங்கல் அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர். அருமையான வித்தை, ஆனால் அதுவும் மிதக்கிற அழுக்குக்குத்தான். ஐரோப்பாவில் 1892-ல் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கு மேல் ஜனங்கள் செத்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா ஊருக்கும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு எடுத்த தண்ணீர். ஆனால் அந்த ஊர் நிர்வாகம் அதை மணல் படுகை வழியாக வடிகட்டி விட்டதால் ஆல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஃபில்டர் ஊருக்குப் பொதுவாக இருந்தது என்பது. வீட்டுக்கு வீடு டப்பா மாட்டிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். பாலக்காடு என்றதும் பச்சைப் பசேல் என்று நினைப்பவர்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி, பேச்சிலும் தமிழ் சரிபாதி கலந்திருக்கும். பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. மடை என்று பேரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் ஊர். எரவாளர், மலசர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் அங்கே உண்டு. எரவாளர் வீடுகளில் பேச்சு தமிழ்தான்.

2000-ம் வருஷம் கோக கோலா கம்பெனியின் இந்தியக் கிளை அங்கே சுமார் 34 ஏக்கரில் பாட்டில் தொழிற்சாலை திறந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. இருந்த தண்ணீரும் மாறிப்போனது. இதை முதலில் கண்டுபிடித்தது எந்த லேபும் இல்லை, அடுப்படி. பருப்பு வேகவில்லை. சோறு சீக்கிரம் கெட்டது. குளித்தால் உடம்பு அரித்தது. பிறகு செய்த சோதனைகளில் உப்பும் கடினத்தன்மையும் மிக அதிகம் என்று தெரிந்தது. கால்சியம் அதிகமான தண்ணீரில் பருப்பின் தோல் இளகாது என்பது சாதாரண ரசாயனம். நம் ஊர்ப் பாட்டிகளுக்குப் பெயர் தெரியாமலே தெரிந்த ரசாயனம். கம்பெனி தன் மேல் சொன்ன குற்றச்சாட்டுகளை மறுத்தது, மழை குறைந்ததே காரணம் என்றது.

2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் சி.கே. ஜானு. அந்தப் போராட்டத்தின் முகமாக ஆனவர் மயிலம்மா, எரவாளர் பெண்மணி, பள்ளிக்கூடம் போகாதவர். 2003-ல் பி.பி.சி. வானொலி, ஆலையிலிருந்து விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்த கசடைப் பரிசோதித்து அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாகச் சொன்னது. அதே வருஷம் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. வரி வருமானம் போகும் என்று தெரிந்தே ஒரு சின்னப் பஞ்சாயத்து அப்படிச் செய்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்றார். 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி எடுக்கும் அளவுக்கு மேல் கம்பெனி எடுக்கக்கூடாது என்றார். ஆலை 2004 மார்ச்சில் நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு இதை மாற்றி, ஒரு நிபுணர் குழு அறிக்கையை வைத்து, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆலை திரும்ப ஓடவில்லை.

ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கரைந்த உப்பைப் பிரிக்க அதுதான் வழி, உண்மை. அந்தச் சவ்வை 1950-களின் கடைசியில் கலிபோர்னியாவில் சிட்னி லோபுடன் சேர்ந்து உருவாக்கியவர் சீனிவாச சௌரிராஜன். (திருக்கண்ணபுரம் பெருமாள் பெயர்! பாதிப் பேருக்கு இது தெரியாது.) ஆனால் வீட்டு ஆர்.ஓ. கொடுக்கிற நல்ல தண்ணீரைவிடக் கழிக்கிற தண்ணீர் பெரும்பாலும் அதிகம், அந்தக் கழிவு உள்ளே போனதைவிட உப்பு கூடினது. வற்றிய கிணற்று ஊரில் அதை எங்கே கொட்டுவது? மெஷினுக்கும் கரண்டுக்கும் காசு யார் தருவது? அந்தக் கூலிக்காரப் பெண்கள் குடத்தோடு தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். கூலி போன நாட்களையும் சேர்த்து, இந்தச் செலவு எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறவில்லை. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. இங்கே வரவு ஒருவர் ஏட்டில், பற்று இன்னொருவர் இடுப்பில்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டும் பார்த்தார்கள். கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, விவசாயம், உடல்நலம், தண்ணீர், கூலி எல்லாம் சேர்த்து, 2010-ல் நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை, தீர்ப்பாயம் வரவேயில்லை. பிளாச்சிமடையில் மறுபடி ஆலையை ஓட்டும் எண்ணமில்லை என்று கம்பெனி 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே போய்விட்டார்.

ஊரில் ஃபில்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: முதலில் தண்ணீரை லேபில் கொடுத்துக் கடினத்தன்மை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேலே போனால் குழாய் முனையில் மாட்டும் டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.