சேதுவும் கடல்வழியும்

இராமேச்சுரம் என்றதும் நம் நெஞ்சில் எழுவன நெடிய பிராகாரமும் 22 தீர்த்தங்களுமேயாம். அத்தலத்தைப் பன்னூறாண்டுகள் தாங்கிநின்ற கடல்வழியை நாம் எண்ணுவது அரிது.

வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிற்கும் நடுவே கிடப்பது இம்மணல் தீவு. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் பரதவ மக்கள் வழங்குவர்.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடியருளிய இத்தலம், பாண்டி நாட்டுப் பதினான்கு பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று. இதன் பெருமை அக்கரையிலும் விளங்கிற்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தம்மைச் சேதுகாவலர் எனக் கூறிக்கொண்டனர். தம் நாணயங்களில் நந்தியோடு ‘சேது’ என்னும் சொல்லையும் பொறித்தனர். இக்கரையில் இத்தலத்தைக் காத்தவர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் மூன்றாம் பிராகாரம் நிறைவுற்றது. கருங்கல் மலையில்லாத தீவு இது. பாம்பனில் அன்று பாலமும் இல்லை. ஆகவே திருப்பணிக்கு வந்த கருங்கற்கள் தோணியேறியே வந்திருத்தல் வேண்டும். கல் செதுக்கிய கைகளோடு, துடுப்புப் பிடித்த கைகளும் செய்த தொண்டன்றோ அது!

1914-இல் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பெற்றது. சென்னையிலிருந்து வண்டியில் வந்தோர் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். ஐம்பது ஆண்டுகள் அத்துறை சிறந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு புயல் எழுந்தது. கடல் பொங்கி ஊரை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியும் அதிலிருந்தோரோடு மூழ்கிற்று. மீண்டும் அவ்வூர் எழவில்லை.

1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை நீண்டது. 2025-இல் புதிய இருப்புப்பாதைப் பாலமும் திறந்தாயிற்று. இன்று சேதுக்கரை சேர்தல் எளிது. ஆயின், எளிதில் வருவோர் எளிதில் மறப்பர்.

சேதுவில் நாம் நீராடுவது முன்னோர் கடன் தீர்ப்பதற்காக. அன்று கடல் கொண்டவருள் எள்ளும் நீரும் இறைக்க எவருமின்றிக் குடும்பத்தோடு மாய்ந்தோரும் உளர். அவர்க்கு மகவாக நிற்போர் யார்? நாமே நிற்றல் வேண்டும். நம் குலத்தார் பெயர் சொல்லி நீர் விட்டபின், பெயரறியாத அவர்களுக்கும் ஒரு கை நீர் விடுவோமாக. தோணி செலுத்தித் திருப்பணிக்கு உதவியோர்க்கும் அதுவே நம் நன்றியாகும். இராமநாதப் பெருமான் திருவருள் யாவர்க்கும் துணைநிற்க!

திருச்சிற்றம்பலம்.