துணைப்படைத் தொகை: மைசூர்க் கருவூலமும் பெங்களூர்த் தண்டும், 1798–1927

1799 ஜூலை 8-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி மைசூர் அரசு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்ட வேண்டும். ரூபாய்க் கணக்கில் அது 24.5 லட்சம். நாட்டைக் காக்கக் கம்பெனி நிறுத்தும் படைக்கான கட்டணம் என்று அதற்குப் பெயர். அன்று அரியணையில் இருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தத் தொகை பிறகு ஏறியதுண்டு. 1799-இல் விதித்த அளவுக்குக் கீழே 1927 வரை ஒருமுறையும் இறங்கவில்லை. பகைவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தனர். முதலில் பிரெஞ்சுக்காரர், அடுத்து உள்நாட்டுக் குழப்பம், அதன்பின் ரஷ்யர், கடைசியில் ஜெர்மானியரும் துருக்கியரும். அச்சம் முழுப் பொய் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆதாரம் உள்ள அச்சத்துக்கும் அளவு உண்டு. அந்த அளவை நிர்ணயித்தவர் ஒருவராகவும் செலவைச் சுமந்தவர் வேறொருவராகவும் இருந்ததைப் பெங்களூரை மையமாக வைத்துப் பார்ப்பதே இங்குள்ள முயற்சி.

திப்பு சுல்தானை வீழ்த்திய நான்காம் மைசூர்ப் போருக்கு ஏன் ஒரு பெரிய அச்சம் தேவைப்பட்டது என்பதை 1784-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். பிரிட்டிஷ் பிரதமர் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் பிரிட்டனின் விருப்பத்துக்கும் கௌரவத்துக்கும் ஒவ்வாதவை என்று வெளிப்படையாக அறிவித்தது. எதிரி போர் தொடங்கியிருந்தாலோ, அதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாலோ அன்றி, லண்டனின் அனுமதியில்லாமல் கவர்னர் ஜெனரல் போர் தொடுக்கக் கூடாது. 1793-இல் புதுப்பிக்கப்பட்ட சட்டத்திலும் இந்த விதி தொடர்ந்தது. ஆகவே படையெடுக்க விரும்பிய கவர்னர் ஜெனரலுக்கு எதிரியின் ஆயத்தத்தைக் காட்டும் ஒரு தாள் அவசியமாயிற்று.

அந்தத் தாள் மொரீஷியஸிலிருந்து வந்தது. 1797-இல் சேதமடைந்த கப்பலோடு மங்களூரில் ஒதுங்கிய ரிப்போ என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரர், தன்னைத் தன் நாட்டின் தூதர்போலக் காட்டிக்கொண்டு, தீவில் பெரும்படை காத்திருப்பதாகத் திப்பு சுல்தானிடம் கூறினார். திப்பு இரண்டு தூதர்களை இரகசியமாக அனுப்பினார். அங்கே அனுப்புவதற்குப் படை ஏதுமில்லை. தீவின் கவர்னர் மலார்த்திக், இரகசியம் காக்க வேண்டிய செய்தியை 1798 ஜனவரி 30-இல் ஊரறிய அறிக்கையாகவே வெளியிட்டு, தொண்டர்கள் சேரலாம் என்று அழைப்பு விடுத்தார். ஏப்ரலில் மங்களூரில் வந்திறங்கியவர்கள் சுமார் நூறு பேர். ஜூன் மாதம் கல்கத்தாப் பத்திரிகையில் அந்த அறிக்கை வெளியானது. ரிச்சர்ட் வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக வந்திறங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அடுத்து வந்த மாதங்களின் நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். அச்சத்துக்கு உண்மையான எடை கிடைத்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் நைல் போரில் பிரெஞ்சுக் கடற்படை அழிந்தது. அக்டோபர் 22-இல் ஹைதராபாத் நிஜாமிடம் பிரெஞ்சு அதிகாரிகளின் கீழிருந்த பெரும்படை ஆயுதம் களையப்பட்டது. அந்த மாத இறுதியில் நைல் வெற்றிச் செய்தி கல்கத்தாவை எட்டியது. கடல்வழி அடைபட்டுவிட்டது, தக்காணத்தில் இருந்த பிரெஞ்சுப் படையும் இல்லை. அச்சம் தணிய வேண்டிய வேளையில்தான் போர் ஆயத்தம் வேகம் பிடித்தது. 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை புறப்பட ஆணை பிறந்தது. மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார்.

திப்பு குற்றமற்ற அண்டை நாட்டரசராக இருந்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் 1787-இல் பாரிசுக்குத் தூது அனுப்பியவர், கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் அனுப்பினார், ஆப்கானிஸ்தானத்தின் சமான் ஷாவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1792-இல் கம்பெனியிடம் தோற்றுப் பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்து, இரண்டு மகன்களைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்ப நேர்ந்த அரசர் துணை தேடியதில் வியப்பில்லை. ஆனால் துணை தேடுவது வேறு, படை திரட்டி முடிப்பது வேறு. இந்த வேறுபாட்டை அன்றே எழுத்தில் வைத்தவர் சென்னை அரசின் செயலாளர் ஜோசையா வெப். படை ஆயத்தமில்லை, கருவூலம் தாங்காது, இப்போது போர் வேண்டாம் என்று 1798 ஜூலையில் அவர் குறிப்பு அனுப்பினார். வெல்லெஸ்லி அதைத் தள்ளினார். பின்னாளில் அந்த வெப்பின் நினைவாகத் திவான் பூர்ணய்யா ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் ஒரு கல்தூண் நிறுத்தினார். போரை எதிர்த்த அதிகாரிக்குத் தோற்ற நாட்டில் எழுந்த நினைவுச் சின்னம் அது.

லண்டனில் அச்சம் வேடிக்கைப் பொருளாகவும் விலைபோனது. கோட்டை வீழ்ந்த மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் தீட்டிய பிரம்மாண்டமான போர்ச் சித்திரத்தை மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைக்காரனைக் கடிக்கும் திப்புவின் மரப்புலி 1808-இல் கம்பெனியின் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு இந்த வெற்றி அவ்வளவு இனிக்கவில்லை. வெல்லெஸ்லியின் ஆட்சிக் காலத்தில் கம்பெனியின் இந்தியக் கடன் வேகமாகப் பெருகியது. 1805-இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டதற்கு அவருடைய போர்களின் செலவு முக்கியக் காரணம்.

அந்தச் செலவில் ஒரு பகுதியை நிரந்தரமாக மைசூர்மேல் ஏற்றியதே 1799 உடன்படிக்கை. திப்புவின் நாட்டைப் பங்கிட்ட பட்டியலின்படி உடையாருக்கு ஒதுக்கிய நாட்டின் மதிப்பிட்ட வருவாய் சுமார் 13.74 லட்சம் கண்டீரவ வராகன். கண்டீரவ வராகன் நட்சத்திர வராகனைவிட மதிப்புக் குறைந்தது. ஆக, பட்டியல் வருவாயில் பாதிக்கு மேல் கம்பெனிக்குப் போயிற்று. பூர்ணய்யாவின் கறாரான நிர்வாகத்தில் வருவாய் பட்டியலைத் தாண்டியதால்தான் நாடு தாக்குப்பிடித்தது. இதோடும் முடியவில்லை. போர்க்காலத்தில் கூடுதல் தொகை கேட்கவும், தொகைக்கு ஆபத்து என்று தோன்றினால் ஆட்சியையே எடுத்துக்கொள்ளவும் விதிகள் இருந்தன. 1807-இல் சேர்த்த திருத்தத்தின்படி 4,000 குதிரைப் படையினரையும் மைசூரே பராமரித்துக் கம்பெனியின் தேவைக்குத் தர வேண்டும். இந்தக் குதிரைகள் பின்டாரிக் கொள்ளைக் கூட்டத்தாரை எதிர்த்து மத்திய இந்தியா வரை போயின.

பெங்களூர் இந்தக் கதைக்குள் வருமுன்பே போரின் விலையைக் கொடுத்திருந்தது. 1791 மார்ச் 7-இல் அன்றைய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படை பேட்டையைப் பிடித்தது. 21-இல் கோட்டையையும் பிடித்தது. கோட்டை திரும்பக் கிடைத்தபின், இன்னொரு முறை எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று திப்புவே அதை இடித்தார். 1800-இல் இந்த ஊருக்கு வந்த பிரான்சிஸ் புக்கனன், திப்புவின் தந்தை ஹைதர் அலி காலத்தில் செழித்த வணிகம் எப்படிச் சிதறியது என்று வணிகரும் நெசவாளரும் சொன்னதைப் பதிவு செய்தார். அண்டை நாடுகளுடன் வணிகத்துக்குத் திப்பு விதித்த தடையும் அவர்கள் குறைகளில் ஒன்று. தன் குடிகளின் கடைவீதியை மூடுவதற்கு அவருக்கும் பகைவர் அச்சம் காரணமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலுக்குப் படையினர் தொடர்ந்து பலியானதால், 1809-இல் பாளையம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. பேட்டையிலிருந்து தள்ளி, அல்சூர்ப் பக்கம் ஒரு தனி ஊரே எழுந்தது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தண்டு என்றார்கள். படையோடு ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் சென்னை மாகாணத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தனார், சரக்கு ஒப்பந்தக்காரர், துபாஷி எனப் பலரும் அவர்களில் இருந்தனர். சிவாஜி நகரின் தண்டு மாரியம்மன் கோவில் இன்றும் அந்தக் குடியேற்றத்துக்குச் சாட்சி. அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரரும், 1873-இல் பள்ளி தொடங்கியவருமான ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் இந்த உலகத்தில் உயர்ந்தவர். இந்நகரத் தமிழரின் நடுத்தர வர்க்கத்தில் கணிசமான பகுதி போர்ச் செலவு கைமாறிய இடத்தில் உருவானது. நாம் பேச விரும்பாத உண்மைதான். ஆனால் செலவு என்றால் யாரோ ஒருவருக்கு வரவு என்பதை ஆய்வு விட்டுவிடக் கூடாது.

1834-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை பெங்களூரைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. பெரும்பாலும் தமிழ், தெலுங்கு பேசும் வீரர்கள். 'தம்பிகள்' என்ற செல்லப்பெயர் இன்றும் அவர்களுக்கு உண்டு. இங்கிருந்து அவர்கள் சீனாவுக்கும் அபிசீனியாவுக்கும் எகிப்துக்கும் அனுப்பப்பட்டனர். 1867-68 அபிசீனியப் படையெடுப்பின்போது ஒரு கணக்கு விசித்திரம் நிகழ்ந்தது. அபிசீனிய மன்னர் சிறைவைத்த ஐரோப்பியரை மீட்கப் போன இந்தியப் படைகளின் வழக்கமான சம்பளம் இந்திய வருவாயிலிருந்தே கொடுக்கப்பட வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவு செய்தது. அவர்கள் ஊரிலிருந்தாலும் சம்பளம் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்பது வாதம். வைஸ்ராய் ஜான் லாரன்ஸின் அரசே இதை ஏற்கவில்லை. அப்படியானால் அந்தப் படைகள் ஊரில் தேவையே இல்லை என்றல்லவா பொருள்?

இதற்கிடையில் 1831-இல் மைசூரின் ஆட்சியே போயிற்று. மைசூரின் நகர் என்னும் பகுதியில் குடியானவர் கிளர்ச்சி எழுந்தது. அரசர் கடனில் மூழ்கியிருந்தார். துணைப்படைத் தொகை ஆபத்தில் இருக்கிறது என்ற காரணம் காட்டி, 1799 விதியைக் கையிலெடுத்து, கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் அக்டோபரில் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். தலைமையகம் பெங்களூருக்கு மாறியது. 1834-இல் இயக்குநர்களுக்கு எழுதிய கடிதத்தில், தொகைக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை என்று பெண்டிங்கே ஒப்புக்கொண்டார். ஆனாலும் நாட்டைத் திருப்பித் தர 50 ஆண்டுகள் ஆயின. பயந்தவரே பயம் தப்பென்று சொன்னபிறகும் பயத்தின் விளைவு அப்படியே நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்த 50 ஆண்டுகளின் இறுதியில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கெடுப்பில் 50.55 லட்சமாக இருந்த மைசூரின் மக்கள் தொகை 1881-இல் 41.86 லட்சம். சேமிப்பில் இருந்த 63 லட்சம் ரூபாய் கரைந்து, 80 லட்சம் கடன் ஏறியது. ஆட்சி பிரிட்டிஷ் ஆணையர் கையில் இருந்த காலம் இது. இதே ஆண்டுகளில் ரஷ்யா காபூலை வசப்படுத்திவிடும் என்ற பயத்தில் வைஸ்ராய் லிட்டன் இரண்டாம் ஆப்கான் போரைத் தொடங்கினார். பஞ்சத் தடுப்புக்கென்று விதித்த புதிய வரிப்பணம் போருக்குத் திரும்பியதாகக் கடும் கண்டனம் எழுந்தது. போரின் செலவு மதிப்பீடு 1880-இல் பல மடங்கு பிழையானதென்று வெளியாயிற்று. பிரிட்டன் தந்தது 50 லட்சம் பவுன் மட்டுமே, மீதியை இந்தியா சுமந்தது.

1881 மார்ச் 25-இல் சாமராஜேந்திர உடையாரிடம் நாடு ஒப்படைக்கப்பட்டபோது தொகையை 35 லட்சமாக உயர்த்த முடிவாயிற்று. பிரிட்டிஷ் படைக்கு உதவத் துருப்புகளை ஆயத்தமாக வைத்திருக்கும் கடமையிலிருந்து மைசூரை விடுவிப்பதற்கு ஈடாகவே இந்த 10.5 லட்சம் உயர்வு. பஞ்சத்தால் நொந்த நாடு என்பதால் உயர்வு 1896 வரை தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் 1885-இல் ஆப்கான் எல்லையில் நடந்த பஞ்ச்தே சம்பவத்தால் ரஷ்ய பயம் மீண்டும் கிளம்பியது. சமஸ்தானங்கள் பேரரசுக்காகப் படை வைக்கும் திட்டம் 1889-இல் வந்தது. 1892-இல் மைசூர் குதிரைப் படை எழுந்தது. துருப்பு வைக்காமலிருக்க ஒரு தொகை, துருப்பு வைக்க மறுபடி ஒரு செலவு. பெயரளவில் அது தானாக முன்வந்த சேவை. பெங்களூர்த் தண்டில் சில ஆண்டுகளுக்குப் பின் குதிரைப் படை அதிகாரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் கட்டாமல் போன 13 ரூபாய்க் கிளப் பாக்கியை இந்த ஊர் இன்றும் சிரித்துக்கொண்டே காட்டுகிறது. பக்கத்துப் பேரேட்டைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

1914-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் போர் நிதிக்கு 50 லட்சம் ரூபாய் கொடுத்தார். மைசூர் குதிரைப் படை சூயஸ் கால்வாய்க்குப் போய், 1918 செப்டம்பர் 23-இல் ஜோத்பூர் வீரர்களோடு ஹைஃபாவைப் பிடித்தது. பெங்களூர் ஜே.சி. நகரில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. பிரிகேடு ரோடு முனையில் இருக்கும் சின்னம் மெட்ராஸ் பயனியர் படையினருக்குரியது. கிழக்கு ஆப்பிரிக்காவும் மெசபடோமியாவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. உள்நாட்டில் 1915-இன் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றி அடைக்க வழி செய்தது. போர் முடிந்தபின் 1919-இல் ரௌலட் சட்டம் அதை நீட்டித்தது. எதிரி சரணடைந்தபிறகும் அவசரகாலம் ஓய்வு பெறவில்லை.

உடையாரின் வெள்ளிவிழா ஆண்டான 1927-இல்தான் வைஸ்ராய் இர்வின் 10.5 லட்சம் குறைப்பை அறிவித்தார். திப்பு இறந்து 128 ஆண்டுகளுக்குப் பின்னும் 24.5 லட்சம் அப்படியே நின்றது. 1799 முதல் அதுவரை கட்ட வேண்டியிருந்ததைக் கூட்டினால் ஏறக்குறைய 34.5 கோடி ரூபாய். குதிரைப் படைச் செலவும் போர் நன்கொடையும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கின் ஒரு பாதி பெங்களூரிலுள்ள கர்நாடக ஆவணக் காப்பகத்திலும், மறுபாதி எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இராணுவத் துறைக் கோப்புகளிலும் கிடக்கிறது. கன்னடமும் தமிழும் அறிந்த இளம் ஆய்வாளர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பட்டியலையும் பஞ்ச நிவாரணப் பதிவேட்டையும் ஒரே மேசையில் விரித்தால், தண்டில் குடியேறிய நம் முன்னோர் எந்தப் பக்கத்து வரவில் இருந்தார்கள், எந்தப் பக்கத்துச் செலவில் இருந்தார்கள் என்பதற்குப் பெயர் வாரியாக விடை கிடைக்கும்.