ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி

மேலூர்ப் பக்கம் எங்க தாத்தா வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. உள்ளே பழைய புரோநோட்டுகள். தாத்தா ஒன்றும் பெரிய லேவாதேவிக்காரர் இல்லை; ஊருக்குள் நாலு பேருக்குக் கொடுத்து வாங்கியவர். "சட்டம் வந்துச்சு, நம்ம தொழில் போச்சு" என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் விலை. 1929க்குப் பிறகு நாலைந்து வருஷத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. பர்மா அரிசி மலிவாக வந்து இறங்கியதும் சேர்ந்துகொண்டது. மேலூர் வயல்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது, ஆனால் விளைந்ததற்கு விலை இல்லை. தீர்வையும் கடனும் ரூபாய்க் கணக்கு, அவை இறங்கவில்லை. 10 மூட்டை விற்று அடைக்கிற கடனுக்கு இப்போது 20 மூட்டை வேண்டும். சர்க்காரோ ரூபாயை 18 பென்ஸ் மதிப்பிலேயே கட்டிப் பிடித்து வைத்திருந்தது. 1931 கடைசியிலிருந்து வீட்டுத் தங்கமெல்லாம் கப்பலேறியது.

சென்னை சர்க்கார் 1936ல் கடன் சமரசச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் சமரசம் என்றால் கடன் கொடுத்தவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். நிஜமான அடி ராஜாஜி மந்திரிசபையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1938 மார்ச் 22ல் அமலுக்கு வந்தது. 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுதும் ரத்து. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. உதாரணத்துக்கு, 500 ரூபாய் வாங்கி வட்டியாகவே 700 கட்டியவர், 1,000க்குக் குறைகிற 300ஐ மட்டும் கொடுத்தால் போதும். புதுக் கடனுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடிதான் வட்டி. ரூபாய்க்கு 192 தம்பிடி. ஆக வருஷத்துக்கு ஆறேகால் சதவீதம்.

விதிவிலக்குகளும் இருந்தன. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. வேறு சொத்தில்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால், அதையும் தொடவில்லை. எங்க பெட்டியில் தாத்தாவின் விதவை அக்கா பேரில் ஒரு நோட்டு இருக்கிறது. பின்பக்கம் வட்டியோடு முழுசாக வரவு வைத்திருக்கிறார்கள். அது ஏன் தப்பியது என்று சட்டத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

அப்படியானால் பாட்டி சொன்னது சரியா? பாதிதான். பெட்டியில் உள்ள நோட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 1931க்குப் பிறகு எழுதியவை ரெண்டே ரெண்டு. சட்டம் வருவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே தாத்தா கையை இழுத்துக்கொண்டார்.

அவர் மட்டுமல்ல, பெரிய இடத்திலும் இதே கதைதான். காரைக்குடி, தேவகோட்டை நகரத்தார்கள் பர்மாவில் நெல் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தவர்கள். விலை விழுந்ததும் பணம் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் அவர்களிடம் 6 சதவீத நிலம், 1937க்குள் 25. பணம் அங்கே மாட்டிக்கொண்டபின் இங்கே புழக்கம் எப்படி இருக்கும்?

அதே காலத்தில் இன்னொரு தொழிலுக்கு சர்க்கார் கைகொடுத்தது. பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு 1930ல் 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 1933ல் 75 ஆனது. ஜப்பான் துணியைத் தடுக்கத்தான். 1923ல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய மீனாட்சி மில் போன்ற நூற்பாலைகளுக்கு இந்தச் சுவர் நல்ல நிழல். வெளிநாட்டு நூலுக்கும் வரி இருந்ததால் அதை வாங்கி நெய்கிற கைத்தறிக்காரருக்கு மட்டும் பாரம். அவர்களுக்காக 1935ல் மாகாணக் கூட்டுறவுச் சங்கம் வந்தது; இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அதுதான்.

கையில் பணம் மிஞ்சியவர்கள் வயலைவிட்டு மில், பேங்க், சினிமா என்று திரும்பினார்கள். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937 பிப்ரவரியில் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. தாத்தாவின் தொழிலை முடித்தது விலை. சட்டம் அதற்குக் கணக்கு எழுதி மூடியது. கடன்காரர் தலைதூக்கினார், உண்மை. ஆனால் அடுத்த விதைப்புக்கு அவர் யாரிடம் போய்க் கைநீட்டினார் என்பதற்கு அந்தப் பெட்டியில் பதில் இல்லை. பாட்டியிடம் அதைக் கேட்டிருக்கணும்.