ஆப் இல்லாமலே வீடியோ கால்: பிரௌசருக்குள் என்ன நடக்கிறது?

பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே வங்கிக் கணக்கு தொடங்குறீங்க. லிங்க்கைத் தட்டியதும் பிரௌசரிலேயே வங்கி அதிகாரியின் முகம் தெரிகிறது. தனி ஆப் எதுவும் தேவைப்படவில்லை. எப்படி?

இது என்ன தொழில்நுட்பம்?

இதன் பெயர் வெப்ஆர்டிசி. 2011-ல் கூகுள் இதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. 2021 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை அதிகாரப்பூர்வத் தரமாக அறிவித்தது.

எப்படி வேலை செய்யுது?

மைக், கேமராவுக்கு நீங்க அனுமதி கொடுத்ததும், இரு முனைகளும் நேரடியாக இணைய முயலும். முடியாவிட்டால் இடையில் ஒரு சர்வர் கைகொடுக்கும். குரலும் படமும் கட்டாயம் என்கிரிப்ட் செய்யப்படும். எதிர்முனையில் சாதாரண போன் இருந்தால், 'கேட்வே' அழைப்பைத் தொலைபேசி நெட்வொர்க்குக்கு மாற்றும். அந்த என்கிரிப்ஷன் அதோடு முடிந்துவிடும். பெங்களூரின் எக்ஸோடெல் போன்றவை நிறுவனங்களுக்கு இத்தகைய அழைப்பு வசதிகளை வழங்குகின்றன.

அப்போ பாதுகாப்பானதுதானே?

வீடியோ கேஒய்சி-யை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்தது. ஆனால், என்கிரிப்ஷன் பேச்சை ஒட்டுக்கேட்க விடாது, அவ்வளவுதான். எதிரே இருப்பவர் நிஜ அதிகாரியா என்று அது சொல்லாது. எனவே வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை நம்பாதீங்க. வங்கியின் சொந்த ஆப் அல்லது இணையதளத்திலிருந்தே தொடங்குங்க. ஏடிஎம் பின் கேட்டாலோ, ஸ்கிரீனைப் பகிரச் சொன்னாலோ உடனே கட் பண்ணிடுங்க. பேசி முடித்ததும் செட்டிங்ஸில் கேமரா அனுமதியையும் நீக்கிடுங்க.