காத்திருப்பும் முறையும்: பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவை மீதான பொதுமக்கள் சினத்தின் வரலாறு (1948–2023)

திறவுச்சொற்கள்: காத்திருப்போர் பட்டியல், பொதுமருத்துவம், முன்னுரிமை, கட்டணப் படுக்கை, நோயாளர் சாசனம்

முன்னுரை

1948 சூலை 5 அன்று மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பார்க் மருத்துவமனையில் அமைச்சர் அனூரின் பெவன் தேசிய நலவாழ்வுச் சேவையைத் தொடங்கிவைத்தார். அன்று அரசின் பொறுப்பில் வந்தவை மருத்துவமனைகள் மட்டுமல்ல. அவற்றில் இடம் வேண்டிக் காத்திருந்த ஏறத்தாழ 5 இலட்சம் பேரும் அப்பொறுப்பினுள் வந்தனர். மருத்துவத்தைக் கட்டணமின்றி அளித்ததால்தான் வரிசை உண்டானது என்று இன்றும் எழுதப்படுவதுண்டு. வரிசை சேவைக்கு முற்பட்டது என்பதால் அக்கூற்று வலுவிழக்கிறது.

அந்த எண் அடுத்த இருபது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. அக்காலம் முழுவதும் அதன்மீது பெருஞ்சினம் எழுந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் 1974இலும் 1987இலும் சினம் வெடித்தது. 2023இல் அது நாட்டின் பொதுமனநிலையாகவே ஆகிவிட்டது. காத்திருப்பு எப்போது சினமாகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. காத்திருப்பின் நீளத்தைவிட, வரிசையின் ஒழுங்கு மீறப்பட்டது அல்லது மறைக்கப்பட்டது என்ற உணர்வே மக்களைச் சினமூட்டியது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. தமிழில் 'முறை' என்னும் சொல் ஒருவருக்குரிய வாய்ப்பையும் நீதியையும் ஒருசேரக் குறிக்கும். முறைகேடு, முறையீடு ஆகிய சொற்களும் அதனடியாகப் பிறந்தவையே. பிரிட்டானியர் அரை நூற்றாண்டாக வாதிட்டுவரும் பொருளை இச்சொல் ஏற்கெனவே தன்னுள் கொண்டிருக்கிறது.

பட்டியல் இயங்கிய விதம்

நோயுற்றவர் முதலில் தம் குடும்ப மருத்துவரைக் காண்பார். அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தின்பேரில் மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் அவரை வெளிநோயாளராகப் பார்ப்பார். அறுவை தேவை என்று அவர் முடிவு செய்தபின்னரே பெயர் பட்டியலில் ஏறும். நாடு முழுமைக்குமான பட்டியல் என்று ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொரு சிறப்பு மருத்துவரும் தமக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருந்தார். யாருக்கு அவசரம், யார் பொறுக்கலாம் என்பது அவருடைய தீர்ப்பு. தாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பதைக் குடலிறக்க நோயாளியோ இடுப்பு மூட்டு தேய்ந்தவரோ அறிய வழியில்லை. முதல் சந்திப்புக்காகக் காத்திருந்த மாதங்கள் இக்கணக்கில் சேரவேயில்லை.

1960 முதல் 1963 வரை நலவாழ்வு அமைச்சராக இருந்த ஈனக் பவல், 1966இல் வெளியிட்ட நூலில் இப்பட்டியலைக் குறைக்கும் முயற்சிகள் வீண் என்று வாதிட்டார். விலை இல்லாத இடத்தில் காத்திருப்பே தேவையைக் கட்டுப்படுத்தும் என்பது அவருடைய தருக்கம். அவர் கூற்றில் ஒரு பகுதி உண்மை உண்டு. ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1960களின் தொடக்கத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவையை நிலைநிறுத்தியபோது, அதுவரை வலியோடு வீட்டில் முடங்கிக் கிடந்தோர் வரிசையில் சேரத் தொடங்கினர். எனினும் வரிசை கரையாது என்பதிலிருந்து வரிசையின் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற முடிவு பெறப்படுவதில்லை. பவல் அந்த இரண்டாம் வினாவைப் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கட்டணப் படுக்கைகள்

சிறப்பு மருத்துவர்களின் எதிர்ப்பைத் தணிக்க 1948இல் பெவன் அளித்த சலுகைகளுள் ஒன்று, அரசு மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் கட்டணம் பெற்றுத் தனி நோயாளிகளைக் கவனிக்கலாம் என்பது. பொதுப் பட்டியலில் பல மாதம் காத்திருக்க வேண்டியவர், அதே மருத்துவரிடம், அதே கட்டடத்தில், பணம் செலுத்திச் சில நாட்களில் அறுவை செய்துகொள்ள முடிந்தது.

1974 கோடையில் இலண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனைப் பணியாளர்கள் இதற்கு எதிராகத் திரண்டனர். உணவு எடுத்துச் செல்வோர், துப்புரவாளர், சுமைப் பணியாளர் ஆகியோர் மேல்தளத்திலிருந்த கட்டண நோயாளிகளுக்குப் பணிசெய்ய மறுத்தனர். அவர்களுடைய தொழிற்சங்கப் பிரதிநிதி எஸ்தர் புரூக்ஸ்டோன் என்னும் மூத்த பெண்மணியைச் செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. ஆயினும் கட்டணப் படுக்கைகளை நீக்கப்போவதாகத் தேர்தலில் வாக்களித்திருந்த தொழிற்கட்சி அரசுக்கும், அமைச்சர் பார்பரா காசிலுக்கும், இப்போராட்டம் தப்ப முடியாத நெருக்கடியாயிற்று. 1975இல் சிறப்பு மருத்துவர்கள் ஒப்பந்த நேரத்துக்கு மேல் பணிபுரிய மறுத்தனர். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 1,000 கட்டணப் படுக்கைகளை உடனடியாகவும், எஞ்சியவற்றை ஒரு வாரியத்தின் மேற்பார்வையில் படிப்படியாகவும் நீக்க வழிசெய்தது. 1980இல் தாட்சர் அரசு அந்த வாரியத்தையே கலைத்துவிட்டது. இதற்கிடையில் தனியார் மருத்துவமனைகள் வெளியே பெருகின. போராடியோர் விரும்பாத விளைவு இது.

கட்டணப் படுக்கைகள் மொத்தப் படுக்கைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தன. அவற்றை முழுதும் நீக்கியிருந்தாலும் காத்திருப்பு அதிகம் குறைந்திருக்காது. இதைக் காட்டி அப்போராட்டத்தை வெறும் கருத்தியல் பிடிவாதம் என ஒதுக்குவோர், சினத்தைக் கணக்காக மட்டுமே படிக்கின்றனர். மேல்தளத்துக்கு உணவுத் தட்டை ஏந்திச் சென்றவர்கள், கீழ்த்தளங்களுக்கு வர யார் எத்தனை மாதம் காத்திருந்தனர் என்பதை நாள்தோறும் அறிந்தவர்கள்.

வரிசையில் நிற்காதோர்

பட்டியலில் ஏறியவர்களாவது எண்ணப்பட்டனர். மனநல விடுதிகளிலும் முதியோர் படுக்கைப் பிரிவுகளிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தோர் எதற்காகவும் காத்திருப்பதாகக் கருதப்படவில்லை. 1967இல் பார்பரா ராப் வெளியிட்ட தொகுப்பு நூல் முதியோர் பிரிவுகளின் கொடுமைகளை வெளிப்படுத்தியது. கார்டிஃபிலுள்ள ஈலி மருத்துவமனையில் அறிவுவளர்ச்சிக் குறையுடையோர் நடத்தப்பட்ட விதம் குறித்த ஜெஃப்ரி ஹவ் குழுவின் அறிக்கையை 1969இல் அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் வெளியிட்டார். இத்துறைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1976இல் அரசே ஒரு கலந்தாய்வு ஆவணத்தில் ஏற்றுக்கொண்டது.

பிரிட்டனில் பயின்ற மருத்துவர்கள் விரும்பாத இப்பிரிவுகளைத் தாங்கியவர்களுள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்ற மருத்துவர்கள் கணிசமானோர். இலண்டனின் புகழ்மிக்க மருத்துவமனைகளில் அவர்களுக்குப் பதவி உயர்வு அரிதாக இருந்ததும் இதற்குக் காரணம். நோயாளிகளிடையே நிலவிய முன்னுரிமை வரிசை மருத்துவர்களிடையேயும் எதிரொலித்தது. தமிழர் புலப்பெயர்வு வரலாற்றில் இம்மருத்துவர்களின் பங்கு தனியே ஆராயப்பட வேண்டிய ஒன்று.

நீதிமன்றம், சாசனம், எண்

1979 மார்ச்சில், மருத்துவமனைப் பணியாளரும் பங்கேற்ற குளிர்கால வேலைநிறுத்தங்களை அடுத்து, பட்டியல் 7.5 இலட்சத்தைத் தொட்டது. ஆனால் அரசியலைத் திசைதிருப்பியது அவ்வெண் அன்று. 1987இல் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தவையே. பயிற்சி பெற்ற செவிலியர் போதாமையால் ஒரு குழந்தையின் இதய அறுவை பலமுறை ஒத்திவைக்கப்பட்டது; பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். வளங்களை எவ்வாறு பகிர்வது என்பதை நீதிமன்றம் முடிவு செய்ய இயலாது என்று மனு தள்ளப்பட்டது. அதே மருத்துவமனையைச் சார்ந்த மற்றொரு வழக்கும் 1988இல் அவ்வாறே முடிந்தது. நோயாளியின் முறை சட்டத்தால் காக்கப்படும் உரிமையன்று என்பது இவ்வழக்குகளால் வெளிப்படையாயிற்று. 1987 திசம்பரில் மூன்று அரச மருத்துவக் கல்லூரிகளின் தலைவர்கள் கூட்டாக எச்சரித்தனர். 1988 சனவரியில் தாட்சர் சேவை முழுவதையும் மறுஆய்வு செய்வதாகத் தொலைக்காட்சி நேர்காணலில் அறிவித்தார். அதன் விளைவான 1990ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளிடையே உள்சந்தையைப் புகுத்தியது.

ஜான் மேஜர் அரசு 1991இல் வெளியிட்ட நோயாளர் சாசனம், ஈராண்டுக்கு மேல் எவரும் அறுவைக்குக் காத்திருக்க மாட்டார் என்று உறுதியளித்தது. ஈராண்டு என்பது இன்று நகைப்பூட்டலாம். ஆனால் வரலாற்று நோக்கில் இது பெரிய திருப்பம். மருத்துவரின் தனித் தீர்ப்பாக இருந்த ஒன்று, குடிமக்களுக்கு அரசு அளிக்கும் வாக்காக மாறியது. வாக்கு இருந்தால் அது மீறப்படுவதை அளக்கவும் முடியும்.

1997 தேர்தலில் தொழிற்கட்சி பட்டியலிலிருந்து 1 இலட்சம் பேரைக் குறைப்பதாக உறுதி கூறியது. ஆட்சிக்கு வந்தபின் பட்டியல் மேலும் நீண்டு 13 இலட்சத்தை எட்டியது, பின்னரே இறங்கியது. தலைகளை எண்ணும் இலக்கு, எளிய அறுவைகளை விரைந்து முடித்துக் கணக்குக் காட்டத் தூண்டும் என்ற குறை எழுந்தது. 2000ஆம் ஆண்டுத் திட்டத்தில் அரசு எண்ணிக்கையை விட்டுக் காலத்தைப் பிடித்தது. பின்னர் குடும்ப மருத்துவரின் பரிந்துரையிலிருந்து சிகிச்சை வரை 18 வாரங்கள் என்ற இலக்கு 2008 இறுதிக்குள் நிறைவேற வேண்டும் என வகுக்கப்பட்டது. 1948 முதல் கணக்கில் சேராதிருந்த முதற்கட்டக் காத்திருப்பு இவ்வாறுதான் கணக்கினுள் வந்தது. நிதி பெருமளவு உயர்த்தப்பட்டமையால் இலக்கு பெரும்பாலும் எட்டப்பட்டது.

இதற்கு விலையும் இருந்தது. காலக்கெடு நெருங்கியவரை முதலில் அழைக்க வேண்டியிருந்ததால், கூடுதல் அவசரமுடையோரைப் பின்தள்ள நேர்ந்தது எனச் சில மருத்துவர்கள் தெரிவித்ததை 2001இல் தேசியத் தணிக்கை அலுவலகம் பதிவு செய்தது. ஒன்பது மருத்துவமனை நிருவாகங்களில் பட்டியல்கள் முறையற்று மாற்றப்பட்டதையும் அதே ஆண்டு அவ்வலுவலகம் வெளிக்கொணர்ந்தது. ஸ்டாஃபோர்டு மருத்துவமனை பற்றிய 2013ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ் அறிக்கை, இலக்குகளில் மட்டும் நிலைகுத்திய நிருவாகம் நோயாளியைக் கைவிட்ட விதத்தை விரிவாகப் பேசுகிறது.

அண்மைக்காலம்

18 வார அளவுகோல் கடைசியாக 2016 பிப்ரவரியில் எட்டப்பட்டது. கொரோனாவுக்கு முன்பே இங்கிலாந்தின் பட்டியல் 45 இலட்சத்தைக் கடந்திருந்தது. 2023 செப்டம்பரில் அது 77.7 இலட்சம் பதிவுகளாகியது. பெருந்தொற்றை மட்டும் காரணமாகச் சுட்டுவது இக்காலவரிசைக்குப் பொருந்தாது. பிரிட்டானியச் சமூக மனப்பாங்கு ஆய்வின்படி 2010இல் நூற்றுக்கு 70 பேர் சேவையில் நிறைவு தெரிவித்தனர். 2023இல் 24 பேர் மட்டுமே. அதே 2023 ஆய்வில், தேவைப்படும்போது மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்ற அடிப்படையைப் பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தனர். இவ்விரு விடைகளையும் சேர்த்துப் படித்தால், அளிக்கப்பட்ட வாக்கைக் காக்குமாறு கோரும் முறையீடாகவே இச்சினம் தோன்றுகிறது.

77.7 இலட்சம் என்பது பதிவுகளின் எண்ணிக்கை. ஆட்கள் ஏறத்தாழ 65 இலட்சம், ஏனெனில் ஒருவரே இரண்டு மூன்று வரிசைகளில் நிற்கிறார். சிறப்பு மருத்துவரின் சிகிச்சைக்காகக் காத்திருப்போர் மட்டுமே இதில் அடங்குவர். மனநலச் சிகிச்சைக்காகக் காத்திருப்போரில் பெரும்பாலோரும், வீட்டுக்கே வந்து கவனிக்கும் சமூகச் செவிலியருக்காகக் காத்திருக்கும் முதியோரும் இந்த எண்ணில் இல்லை.