மாண்டார் ஆதனமும் மன்றின் பொறுப்பும்

ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால் முதலில் எழுவது அழுகுரல். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிந்து, உற்றார் தத்தம் ஊர் திரும்பியபின் அவ்வீட்டில் வேறு சில வினாக்கள் எழுகின்றன. வளவு யாருக்கு? வயல் யாருக்கு? மாண்டவர் பட்ட கடனை யார் இறுப்பது? அவருக்கு வரவேண்டிய கடனை யார் கேட்டு வாங்குவது? கைம்பெண்ணுக்கும் பால்மணம் மாறாத பிள்ளைகளுக்கும் உரிய பங்கை யார் காப்பது? இவ்வினாக்களுக்கு ஒரு நாடு விடைகாணும் முறையை நோக்கினால், அந்நாட்டின் நீதியுணர்வையும் குடும்ப வாழ்வையும் ஒருங்கே அறியலாம். இலங்கையில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், இவ்விடை காணப்பட்ட வரலாறு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது.

யாழ்ப்பாணத் தமிழரின் ஆதன உரிமை தேசவழமையின் வழி நடந்தது. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்கு மணவேளையிற் கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறம் நடத்துங் காலத்திலே தேடிக்கொண்டது தேடியதேட்டம். ஆதனம் இவ்வாறு மூவகைப்பட்டது. மகள் தன் பங்கைச் சீதனமாகப் பெற்றுப் பிறந்தகத்தை விட்டு நீங்கினாள். மணமாகாத ஆண்மக்கள் உழைத்துத் தேடியது குடும்பத்தின் பொதுப்பொருளிற் சேர்ந்தது. பெற்றோர் காலஞ்சென்ற பின்னரே அவர்கள் பங்கு பெற்றனர். ஆகவே, மாண்டவர் தம் விருப்பம் போல ஆதனத்தை எழுதிவைக்கும் மரணசாதனத்துக்கு அக்காலத்தில் வேலை இருக்கவில்லை. யாருக்கு எது உரியது என்பதை வழமையே முன்கூட்டி வகுத்து வைத்திருந்தது. பிணக்கு நேர்ந்தவிடத்து ஊர்ப் பெரியோர் கூடித் தீர்த்தனர்.

ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். எழுதப்படாத வழமையை வைத்துக்கொண்டு வழக்குத் தீர்ப்பது அவர்களுக்கு அரிதாயிற்று. ஆதலால் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் 1706 ஆம் ஆண்டில் வழமைகளைத் தொகுக்குமாறு கட்டளையிட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியை ஏற்று, 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறைவேற்றினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார் முன் வைக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, நாட்டு வழமைக்கு அது ஒத்ததே என உறுதிசெய்தனர். அந்நியர் ஒருவர் தொகுத்த நூலை அந்நாட்டு மக்களே சரிபார்த்து ஏற்றமையால், பிற்காலத்து நீதிமன்றங்களில் அதற்கு மதிப்பு உண்டாயிற்று.

அத்தொகுப்பிலே கைம்பெண்ணையும் பிள்ளைகளையும் பற்றிய விதிகள் கருத்தூன்றி நோக்கத்தக்கவை. சிறுபிள்ளைகளை விட்டுத் தந்தை இறந்தால் ஆதனம் முழுவதும் தாயின் கையிலே தங்கும். அவள் பிள்ளைகளை வளர்த்து, பெண்மக்களைச் சீதனங் கொடுத்து மணஞ்செய்விக்கக் கடமைப்பட்டவள். தாய் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் பங்கு கேட்டல் ஆகாது. தாய் முந்தி இறந்தாலோ, தந்தை மறுமணஞ் செய்யாதிருக்குங் காறும் ஆதனம் அவர் பொறுப்பிலே இருக்கும். அவர் மறுமணஞ் செய்வாராயின், முதல் மனைவி கொண்டுவந்த ஆதனமும் அவளோடு வாழ்ந்த காலத்துத் தேட்டத்திற் பாதியும் அவள் பிள்ளைகளுக்கு உரியனவாகும். மாற்றாந்தாய் வந்த வீட்டிலே முதல் தாரத்துப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கலாகாது என்ற நினைவே இவ்விதியின் உயிர்நிலை. ஆதனத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்ற நுண்மையைத் தேசவழமை அன்றே அறிந்திருந்தது.

ஒல்லாந்தர் தம்மவர்க்கென வேறோர் ஏற்பாட்டையும் கொண்டுவந்தனர். தந்தையை இழந்த பிள்ளைகளின் ஆதனத்தை மேற்பார்க்க அநாதர் மன்றுகளை அமைத்தனர். இறந்தவர் விட்டுச் சென்ற பொருளைக் கணக்கெடுத்தல், கடன் தீர்த்தல், எஞ்சியதைப் பிள்ளைகள் பருவமடையும்வரை பேணுதல் என்பன அம்மன்றுகளின் கடமைகள். இறந்தவர் ஆதனத்துக்கு ஒல்லாந்தர் வழங்கிய பெயர் பூடெல் என்பதாகும். அச்சொல்லே சிங்கள மொழியிற் பூதலய என இன்றும் வழங்குகின்றது. கந்தோர், நொத்தாரிசு முதலிய சொற்களும் அவர்கள் வழி வந்தனவே. ஆட்சி மறைந்தும் அதன் சொற்கள் மக்கள் நாவில் நிலைத்திருப்பதற்கு, அச்சொற்கள் குறித்த பொருள்கள் அன்றாட வாழ்வோடு கலந்தமையே காரணம்.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது வழமைகள் அழிக்கப்படவில்லை. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம், யாழ்ப்பாண மாகாணத் தமிழ்க் குடிகளுக்குத் தேசவழமை முழு வலுவுடன் செல்லும் என உறுதிப்படுத்தியது. ஆனால் வழமையை நடைமுறைப்படுத்தும் இடம் மாறியது. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1833 ஆம் ஆண்டில் நீதிச் சாசனம் பிறந்தது. அதன்படி மாவட்ட நீதிமன்றங்கள் எழுந்தன. ஒரு நீதிபதியும் அவருடன் மூன்று மதியுரையாளரும் அமர்ந்த அம்மன்றுகளுக்கே, இறந்தோர் ஆதனம் பற்றிய அதிகாரமும் வழங்கப்பட்டது. ஊர்த் திண்ணையிற் பேசித் தீர்ந்த பங்கீடு, வழக்கிலக்கமும் முத்திரையும் உடைய நடவடிக்கையாக மாறத் தொடங்கியது.

அடுத்து வந்த இரு சட்டங்கள் இதனினும் பெரிய மாற்றத்தை விளைத்தன. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம், மரணசாதனம் எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என வரையறுத்தது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்கக் கையொப்பமிடல் ஒரு முறை. நொத்தாரிசு இல்லாவிடத்து ஐந்து சாட்சிகள் ஒருங்கே கூடியிருக்கக் கையொப்பமிடல் மற்றொரு முறை. மாண்டவர் எழுந்துவந்து சாட்சி சொல்லமாட்டார். ஆகவே அவர் பெயராற் பொய்யுறுதி எழுதுவார்க்கு வாயிலடைக்கவே இவ்விதி ஏற்பட்டது. 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமோ, ஒருவர் தம் ஆதனத்தைத் தாம் விரும்பிய எவருக்கும் எழுதிவைக்க உரிமை அளித்தது. ஒல்லாந்தச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்குக் கட்டாயமாக ஒதுக்கவேண்டிய பங்கும் அதனால் ஒழிந்தது. குலத்தின் பொருள் என்று கருதப்பட்ட ஆதனம் ஒருவரின் பொருளாயிற்று. முதியோரைப் பேணிய பிள்ளைக்கு நன்றி காட்ட அது வழிசெய்தது; வேண்டாதாரை வெறுங்கையோடு விடவும் அதுவே வழிசெய்தது.

கிழக்கிலே வேறு வழமை இருந்தது. மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்டது. ஒருவரின் முதுசம் அவர் பிள்ளைகளுக்குச் செல்லாமல், உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிறிற்றோ இச்சட்டத்தைப் பற்றி 1876 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் நிறைவேறிய 15 ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டத்தின் பின்னர் அவ்வழமை வலுவிழந்தது. ஒரு வழமை நூலாக எழுதப்பட்ட ஆண்டே அது மறையத் தொடங்கிய ஆண்டுமாக அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நடைமுறை ஒழுங்கு முழுமை பெற்றது 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடைமுறைக் கோவையிலேயாம். அதன் 38 ஆம் அத்தியாயம் மரணசாதன வழக்குகளுக்கு உரியது. மரணசாதனம் இருந்தால், அதில் நிறைவேற்றுவோராக நியமிக்கப்பட்டவர் அதனை மன்றிற் சமர்ப்பித்து, மெய்யென நிறுவி, அத்தாட்சி பெறுதல் வேண்டும். சாதனம் இல்லையேல், உரித்தாளருள் ஒருவர் நிருவாகப் பத்திரம் கோருதல் வேண்டும். பலர் போட்டியிட்டால், உயிரோடிருக்கும் மனைவி அல்லது கணவனின் கோரிக்கை ஏனையோர் கோரிக்கைக்கு முந்தியது. உரித்தாளரின் கோரிக்கை கடன்கொடுத்தவரின் கோரிக்கைக்கு முந்தியது. செய்தி பத்திரிகையில் விளம்பரப்படுத்தப்படும். மறுப்புடையோர் வந்து மறுக்கலாம். பருவமடையாப் பிள்ளைகள் சார்பிற் பேச ஒரு காப்பாளர் நியமிக்கப்படுவார்.

பத்திரம் பெற்றவர் ஆதனத்தின் சொந்தக்காரராகிவிடுவதில்லை. ஆதனம் அனைத்தையும் பெறுமதியுடன் நிரற்படுத்தி மன்றுக்கு ஒப்புவித்தல், ஈமச்செலவையும் கடன்களையும் தீர்த்தல், எஞ்சியதை உரியோர்க்குப் பிரித்துக்கொடுத்தல், இறுதிக் கணக்குக் காட்டல் ஆகிய கடமைகளை அவர் நிறைவேற்றல் வேண்டும். தவறினால் மன்று அவரை அழைத்துக் கணக்குக் கேட்கும். நியமனத்தை மீட்கவும் செய்யும். ஆழ்ந்து நோக்கினால், மூவகை மக்களைக் காக்கவே இத்தனை ஒழுங்கும் எழுந்தமை புலனாகும். முதலாமவர் இளம்பிள்ளைகள், இரண்டாமவர் தூரதேசத்தில் வாழும் உரித்தாளர், மூன்றாமவர் மாண்டவரை நம்பிக் கடன் கொடுத்தோர். இம்மூவரும் முற்றத்திற் கூடிப் பங்கு பேசும்போது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இல்லாதவருக்காக இருந்து பார்ப்பதே மன்றின் பணி.

ஆயினும், நல்ல நோக்குடன் எழுந்த ஒழுங்கை மக்கள் அனைவரும் நாடினர் என்று சொல்லுதற்கில்லை. கட்டணம், முத்திரைச் செலவு, மரணவரி, பிறக்கிறாசியாருக்கும் அப்புக்காத்துக்கும் கொடுக்க வேண்டிய பணம், ஆண்டுக்கணக்கிற் செல்லும் தவணைகள் ஆகியவற்றை எண்ணிப் பலர் பின்வாங்கினர். சிறு ஆதனங்களுக்குக் கோவையே விலக்களித்தது. எனினும் பெறுமதி மிக்க ஆதனங்களும் அவ்வாறே விடப்பட்டன. "அண்ணன் தம்பிக்குள் வழக்கெதற்கு?" என்ற பேச்சு அன்பாற் பிறந்ததுதான். ஆனால் அண்ணனும் தம்பியும் மறைந்து, அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உரித்தாளராகும்போது, பத்துப் பரப்புக் காணி நாற்பது பேருக்கு உரியதாகின்றது. கிணற்றிற் பங்கு, துலாவிற் பங்கு, வழிவாய்க்காலிற் பங்கு என உறுதிகள் நீள்கின்றன. இறுதியில் வருவது பங்கீட்டு வழக்கு. 1863 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும், 1951, 1977 ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் இத்தகைய வழக்குகளுக்கென்றே இயற்றப்பட்டன. முதல் தலைமுறை செலவுக்கு அஞ்சி விட்ட கருமத்தை மூன்றாம் தலைமுறை அதனினும் பன்மடங்கு செலவுடன் முடிக்க நேர்ந்தது.

இதனிடையே தேசவழமையும் மாறி வந்தது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் திருமண ஆதன உரிமையையும் இறப்பின்பின் உரித்துச் செல்லும் ஒழுங்கையும் புதிதாக வகுத்தது. தேடியதேட்டம் என்பதன் எல்லை யாது என்ற வினா நீதிமன்றங்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம் அதன் வரைவிலக்கணத்தை மாற்றியமைத்தது. பின்னர் 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தினால் பிறக்கிறாசி, அப்புக்காத்து என்ற வேற்றுமை நீங்கிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் நிலைத்தது. மரணவரியும் 1980 களில் மறைந்தது.

இவ்வரலாற்றின் மிகத் துயரமான அத்தியாயம் அதன்பின்னரே எழுதப்பட்டது. இறந்தவர் ஆதனத்தைப் பற்றிய எந்த நடவடிக்கைக்கும் முதற்படி, அவர் இறந்தார் என்பதை நிறுவுதல். போர் நடந்த ஆண்டுகளிலே எத்தனையோ குடும்பங்களுக்கு அம்முதற்படியே அகப்படவில்லை. உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆள் மட்டும் திரும்பி வரவில்லை. இறப்பைப் பதியாமல் ஆதனத்தைக் கையாள இயலாது. பதிந்தாலோ, தன் வாயாலேயே கணவன் இறந்தான் என்று சொல்லவேண்டும். வங்கிக் கணக்கும் காணியும் முடங்கிக் கிடக்க, எத்தனையோ பெண்கள் கையொப்பமிட மறுத்து நின்றனர். அது பிடிவாதமன்று, நம்பிக்கை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற் போனோரின் இறப்பைப் பதிய வழிசெய்தது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், இறந்தார் எனச் சொல்லாமலே, காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழைப் பெறும் வழியைத் திறந்தது. ஒரு தாயின் நம்பிக்கையைக் குலைக்காமலே அவள் குடும்பத்தின் கருமங்களை நடத்த இடங்கொடுத்தமையால், சட்டம் மனித உள்ளத்துக்குச் சற்று அணுக்கமாக வந்தது எனலாம்.

திசாவை ஐசாக்ஸ் எழுதிய காலத்திலிருந்து இன்றுவரை சட்டங்கள் பல மாறின; மொழிகள் மாறின; மன்றுகளின் பெயர்களும் மாறின. மாறாதிருப்பது, இல்லாதவரின் பங்கை இருப்பவர் விழுங்கலாகாது என்ற அறம் ஒன்றே. அவ்வறத்தை மன்று ஒன்றே காத்துவிட முடியாது. தம் ஆதனத்தையும் கடனையும் தெளிவாக எழுதிவைத்தல், உறுதிகளைப் பத்திரமாக வைத்தல், பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் உரிய காலத்திற் பதிதல், பெற்றோர் மறைந்ததும் காலந்தாழ்த்தாது நிருவாகத்தை முடித்தல் என்பன ஒவ்வொரு குடும்பத்தின் கடமைகள். இவற்றைச் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் மன்றின் படியேறினாலும், அது பத்திரம் பெறுவதற்காகவே இருக்கும். ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பதற்காக இராது.